ஆஃப் செய்த பல்பு மினுக்குது, ஃப்ரிட்ஜ் லேசா ஷாக் அடிக்குது: எது சாதாரணம், எது ஆபத்து?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பிள்ளைகள் லீவுக்கு வரும்போது, கூடவே லேப்டாப்பும் வருகிறது. அப்படி ஊர் திரும்பிய ஒருவரின் வீட்டில் இந்தப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

"அம்மா, ஃப்ரிட்ஜைத் தொட்டா சுருக்குனு இழுக்குது."

"மழை நாள்ல அது அப்படித்தான்ப்பா. செருப்பு போட்டுக்கிட்டுத் திற."

பல வீடுகளில் கேட்ட பேச்சுதான் இது. அதே வீட்டில் ஆஃப் செய்த எல்.இ.டி. பல்பு ராத்திரியில் மினுக்கும். சார்ஜ் ஏறும் லேப்டாப்பில் கை வைத்தால் மேலே எறும்பு ஊர்வது போல இருக்கும். சில நாள் டெஸ்டரை வைத்தால் பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும், ஆனால் ஃபேன் ஓடாது. பார்க்க எல்லாமே விநோதமான சின்னச் சின்ன விஷயங்கள். ஆனால் இவற்றில் சில தொந்தரவு இல்லாதவை, சில உயிரை எடுப்பவை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், இந்தியாவில் ஆண்டுக்கு 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள்.

எது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று ஒயர், மூன்று வேலை

வீட்டுக்குள் ஓடும் மூன்று ஒயர்களைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஃபேஸ் ஒயரில்தான் 230 வோல்ட் வருகிறது. அது ஃபேன், பல்பு வழியாகப் போய் வேலை செய்துவிட்டு, நியூட்ரல் ஒயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்புகிறது. எர்த் ஒயருக்கு அன்றாடம் எந்த வேலையும் இல்லை. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் போன்றவற்றின் இரும்பு உடம்பில் தப்பித்தவறி கரண்ட் வந்துவிட்டால், அதை மண்ணுக்கு இறக்கிவிடுவதுதான் அதன் ஒரே வேலை.

வீட்டில் நடக்கும் விநோதங்களில் பெரும்பாலானவை நியூட்ரலிலோ எர்த்திலோ ஏற்படும் கோளாறுகள். ஃபேஸ் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவோம். எர்த் அறுந்தாலோ எதுவும் நிற்காது. ஃப்ரிட்ஜ் கூலாகத்தான் இருக்கும், டிவி ஓடத்தான் செய்யும். அதனால்தான் அது பல வருடங்கள் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

லேப்டாப்பில் 'எறும்பு ஊர்வது' ஏன்?

செல்போன், லேப்டாப் சார்ஜர்களுக்குள் சிக்னல் இரைச்சலைக் குறைப்பதற்காக ஒரு சிறிய கெபாசிட்டர் இருக்கும். 230 வோல்ட் வரும் பக்கத்தையும் குறைந்த வோல்டேஜ் பக்கத்தையும் அது இணைக்கிறது. உதாரணமாக 2.2 நானோஃபாரட் கெபாசிட்டர் என்றால், அதன் வழியாக அதிகபட்சம் சுமார் 0.16 மில்லி ஆம்பியர் கசியும். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லி ஆம்பியர். அதிலும் ஆறில் ஒரு பங்கு. லேப்டாப்பின் உலோக மூடியை விரலால் லேசாகத் தடவினால் இது அதிர்வு போலத் தெரியும். தரமான சார்ஜரில் இதனால் ஆபத்து இல்லை. சார்ஜ் போட்டபடி போனைத் தொட்டால் டச் ஸ்கிரீன் தாறுமாறாக வேலை செய்வதும் பெரும்பாலும் மட்டமான சார்ஜரின் மின் இரைச்சல்தான்.

ஆனால் இதில் ஒரு துப்பு இருக்கிறது. மூன்று பின் பிளக் கொண்ட லேப்டாப் சார்ஜரையோ கம்ப்யூட்டரையோ மாட்டியும் அந்த அதிர்வு இருந்தால், அந்த பிளக் பாயின்ட்டில் எர்த் வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். சென்னை ஆபீஸில் இழுக்காத அதே லேப்டாப் ஊர் வீட்டில் மட்டும் இழுக்கிறது என்றால், லேப்டாப்பைக் குறை சொல்லாமல் சுவரைப் பார்க்க வேண்டும்.

'சுருக்' என்று பலமாக இழுத்தாலோ, சார்ஜர் சூடேறி வாசம் வந்தாலோ அது வேறு கதை. உள்ளே இருக்கும் தடுப்பு கெட்டுப்போயிருக்கலாம். அந்த சார்ஜரை அப்போதே தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள்.

ஆஃப் செய்த பல்பு ஏன் மினுக்குது?

பழைய குண்டு பல்பு எரிய நல்ல கரண்ட் தேவைப்பட்டது. எல்.இ.டி.க்குத் துளி கரண்ட் போதும். சுவருக்குள் ஃபேஸ் ஒயரும் ஸ்விட்ச் ஒயரும் பல மீட்டர் ஒட்டியே ஓடும்போது, தொடாமலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிது கரண்ட் தாவும். மாடிப்படிக்கு இரண்டு இடத்தில் ஸ்விட்ச் வைத்த ஒயரிங்கில் இது சகஜம். ஸ்விட்ச்சிலேயே சின்ன இண்டிகேட்டர் லைட் இருந்தாலும் அதன் வழியாகக் கரண்ட் கசியும். இந்தத் துளி, பல்புக்குள் இருக்கும் கெபாசிட்டரில் சேர்ந்து சேர்ந்து, நிறைந்ததும் 'மினுக்' என்று எரிந்து அணைகிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரில் எங்கும் இணைக்காத ஒயரை அளந்தாலும் 60, 70 வோல்ட் என்று காட்டுவது இதே காரணத்தால்தான்.

இதுவரை பயம் இல்லை. ஆனால் மினுக்கும் பல்புக்கு இன்னொரு காரணமும் உண்டு: ஸ்விட்ச்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பது. பல்பு எரியும், அணையும். எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். 'ஸ்விட்ச் ஆஃப்லதானே இருக்கு' என்று ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாற்றுபவருக்கு அதுதான் வினை. ஷாக்கை விடக் கீழே விழுவதில் அடி பலமாகிவிடும். பல்பு மினுக்கினால் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "ஸ்விட்ச் ஃபேஸ்லதான் இருக்கா அண்ணா?"

டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரியுது, ஆனா எதுவும் ஓடல

ஃபேஸ் ஓட்டையில் டெஸ்டர் எரிவது சரி. நியூட்ரல் ஓட்டையிலும் எரிகிறது, ஃபேனோ லைட்டோ வேலை செய்யவில்லை என்றால், எங்கேயோ நியூட்ரல் அறுந்திருக்கிறது.

விஷயம் இதுதான். ஃபேஸிலிருந்து கிளம்பிய கரண்ட் ஆன் செய்து வைத்த ஃபேன் வழியாக நியூட்ரல் ஒயருக்குள் வந்து, திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. அந்த நிமிடம் முதல் வீட்டுக்குள் இருக்கும் நியூட்ரலும் ஃபேஸ் போலத்தான். எல்லா ஸ்விட்ச்சையும் ஆஃப் செய்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் நியூட்ரல் ஓட்டையில் எரிந்தது அணைந்துவிடும் அல்லது மங்கிவிடும். அதுவே உறுதி.

'கரண்ட் இல்லை' என்று நினைத்து ஒயரைத் தொடுகிறவர்களை ஏமாற்றும் நிலை இது. இங்கே ஒருவர் நியூட்ரலைத் தொட்டால், அவர் உடம்பே கரண்ட் திரும்பிப் போகும் வழியாகிவிடும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டெஸ்டரை மட்டும் நம்புவதும் தப்பு. ரப்பர் செருப்பு போட்டு மர ஸ்டூலில் நிற்பவர் கையில் அது மங்கலாக எரியலாம், எரியாமலும் போகலாம். டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். எரியவில்லை என்பதற்காகக் கரண்ட் இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த வீட்டில் பளிச், பக்கத்து வீட்டில் மங்கல்

நியூட்ரல் தெருவில் அறுந்தால் விநோதம் இன்னும் பெரிதாகும். ஒரு தெருவில் வெவ்வேறு வீடுகளுக்கு வெவ்வேறு ஃபேஸில் இணைப்பு இருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். பொது நியூட்ரல் இருக்கும் வரை ஒவ்வொரு வீட்டுக்கும் 230 கிடைக்கும். அது அறுந்துவிட்டால் இரண்டு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும்.

ஒரு வீட்டில் 100 வாட் அளவுக்கு லைட்டும் டிவியும், மற்ற வீட்டில் 1,000 வாட் அயர்ன் பாக்ஸும் ஓடுவதாக வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும்: அயர்ன் பாக்ஸ் வீட்டுக்கு சுமார் 36 வோல்ட், டிவி வீட்டுக்கு சுமார் 364 வோல்ட். கரண்டை அதிகம் பயன்படுத்துகிறவருக்கு ஒன்றும் ஆகாது. குறைவாகப் பயன்படுத்துகிறவர் டிவி புகையும்.

லைட் திடீரென அளவுக்கு மீறிப் பளிச்சென்று எரிந்தாலோ, ஃபேன் பேய்போல் சுற்றினாலோ யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், சொல்லுங்கள். 2021-ல் தொடங்கிய இந்த மையம் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஃப்ரிட்ஜின் 'சுருக்': செருப்பு தீர்வல்ல

இனி அந்த ஃப்ரிட்ஜுக்கு வருவோம். லேப்டாப்பில் கசியும் கரண்டுக்கு கெபாசிட்டர் என்ற கடிவாளம் இருக்கிறது. ஃப்ரிட்ஜ், ஹீட்டர், கிரைண்டர், மோட்டார் ஆகியவற்றில் ஒயரின் மேல்தோல் நைந்தோ ஈரம் இறங்கியோ கரண்ட் கசிந்தால், அதற்குக் கடிவாளம் கிடையாது. இன்று 'சுருக்', நாளை 'சுருக்', ஒரு மழை நாளில் முழு 230 வோல்ட்.

மனித உடம்பின் தடை, தோல் காய்ந்திருந்தால் பல ஆயிரம் ஓம். நனைந்தால் சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடலாம். அப்போது 230 வோல்ட் உடம்பில் 230 மில்லி ஆம்பியரை ஓட்டும். எவ்வளவு தாங்க முடியும் என்பதை அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டல்சீல் தன்னார்வலர்களை வைத்து அளந்தார். பிடித்த கம்பியை விட முடியாமல் கை இறுகிப்போவதற்கு ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர் போதுமாக இருந்தது. 230 என்பது அதைப் போலப் பல மடங்கு.

செருப்பு இந்தக் கணக்கில் தற்காலிகமாகக் கூடுதல் தடையைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். வெறும் காலில் ஓடி வரும் குழந்தைக்கும், ஈரக் கையோடு தரை துடைப்பவருக்கும் அது உதவாது.

எர்த் போட்டும் எம்.சி.பி. ஏன் விழவில்லை?

"எங்க வீட்ல எர்த் இருக்கு, எம்.சி.பி.யும் இருக்கு" என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். மலையடிவாரத்தில் அந்த நிம்மதி போதாது.

எர்த் குழி நன்றாக வேலை செய்ய ஈரமான மண் வேண்டும். பாறையும் சரளையும் உள்ள நிலம், அதுவும் கோடையில் காய்ந்து கிடக்கும்போது, கரண்டை எளிதில் உள்ளே விடாது. ஒரு வீட்டு எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ் உடம்பில் முழு ஃபேஸும் பட்டால், எர்த் வழியாக ஓடுவது அதிகபட்சம் 4.6 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஓர் அயர்ன் பாக்ஸ் ஓடுவது போலத்தான் தெரியும். அது சட்டென்று விழ வேண்டுமென்றால், வீடுகளில் சாதாரணமாக மாட்டும் 'சி' வகையில், 80 முதல் 160 ஆம்பியர் ஓட வேண்டும்.

ஆக எம்.சி.பி. விழாது. ஃப்ரிட்ஜின் உடம்பில் ஏறக்குறைய முழு வோல்டேஜும் நின்றுகொண்டே இருக்கும். எம்.சி.பி.யின் வேலை ஒயர் சூடாகி எரியாமல் காப்பது. மனிதரைக் காப்பது அதன் வேலை இல்லை. இந்தக் கசிவு நாள் முழுக்க நீடித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 25 யூனிட் வீணாகும். காரணமே தெரியாமல் இரண்டு மாத பில் எகிறுவது கூட இதன் அறிகுறியாக இருக்கலாம்.

இதற்கு சிலர் செய்யும் 'குறுக்குவழி'தான் எல்லாவற்றிலும் மோசமானது. எர்த் குழி தோண்டும் செலவை மிச்சப்படுத்த, பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், மேலே பார்த்தது போல நியூட்ரலில் நிற்கும் கரண்ட் நேராக ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்புக்கு வந்துவிடும். பழுதே இல்லாத மெஷின் கூட ஷாக் அடிக்கும்.

30 மில்லி ஆம்பியர் காவலாளி

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. வருகிறது, ஆர்.சி.டி. என்றும் சொல்வார்கள். ஃபேஸில் எவ்வளவு கரண்ட் போகிறதோ அதே அளவு நியூட்ரலில் திரும்ப வேண்டும். இரண்டையும் இது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனதில் கொஞ்சம் திரும்பவில்லை என்றால், அது எர்த்துக்கோ ஒரு மனித உடம்புக்கோ போகிறது என்று அர்த்தம். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், இணைப்பைத் துண்டித்துவிடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான இத்தகைய கருவியை 1961-ல் உருவாக்கியவரும் அதே டல்சீல்தான்.

நம் பாறை மண் கணக்குக்கே திரும்பினால் இதன் அருமை தெரியும். எர்த் தடை 50 ஓம் என்றாலும் 1.5 வோல்ட் ஏறுவதற்குள் இது விழுந்துவிடும். எர்த் மிக மோசமாகி 1,000 ஓம் ஆனாலும் 30 வோல்ட்டில் விழுந்துவிடும்.

வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவியைப் பொருத்த வேண்டும் என்பது வெறும் ஆலோசனை அல்ல. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையமும் கசிவுத் தடுப்புக் கருவியை வலியுறுத்துகின்றன. பழைய வீடுகளில்தான் இது பெரும்பாலும் இருப்பதில்லை.

இதற்கும் எல்லை உண்டு. ஃபேஸை ஒரு கையாலும் நியூட்ரலை மறு கையாலும் தொட்டால், போன கரண்ட் முழுக்கத் திரும்பிவிடுவதால் இதற்கு எதுவும் தெரியாது. அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்தி விழுந்தால் கருவி நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அர்த்தம். எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

அடிக்கடி விழுந்துக்கிட்டே இருக்கா?

மழை வந்தால் ஆர்.சி.சி.பி. விழுகிறது, 'தொல்லை' என்று அதை நீக்கி நேரடியாக இணைத்துவிடுபவர்கள் உண்டு. நாய் குரைக்கிறது என்று நாயைக் கொன்றுவிட்டுத் திருடனை விடுவது போன்ற காரியம் அது. கண்டுபிடிக்கும் வழி எளிது:

1. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மேலேற்றுங்கள்.
2. எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கோளாறு.
3. அந்த லைனில் உள்ள எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு மீண்டும் ஏற்றுங்கள். இப்போது நின்றால், பிளக்கை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். பழுதான மெஷின் அகப்படும்.
4. எல்லாம் கழற்றியும் விழுந்தால் சுவருக்குள் ஈரமோ, நியூட்ரல் எர்த்தைத் தொடுவதோ, ஒரு லைனின் நியூட்ரலை இன்னொரு லைனில் மாற்றிக் கொடுத்ததோ காரணமாக இருக்கலாம். இது எலக்ட்ரீஷியன் வேலை. இன்வெர்ட்டர் போட்ட பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இன்வெர்ட்டர் வீடுகளில் இன்னொரு கவனம்: மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் இருக்கும். எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டையும் அணைக்க வேண்டும்.

வேலியில் வைத்தால் கொலைக் கருவி

காட்டையொட்டிய ஊர்களில் இந்தக் கணக்கு வீட்டோடு முடிவதில்லை. காட்டுப்பன்றிக்குப் பயந்து, லைனிலிருந்து நேரடியாகக் கம்பி வேலிக்குக் கரண்ட் கொடுப்பது சட்டவிரோதம். அதில் ஓடுவது இடைவிடாத 230 வோல்ட். பிடித்த கை விடாது. அனுமதிக்கப்பட்ட சோலார் வேலியோ, சுமார் ஒரு நொடிக்கு ஒருமுறை கண நேரத் துடிப்பை மட்டும் அனுப்பும். தொட்டவர் விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கம்பியில் யானையும் பன்றியும் மட்டுமல்ல, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரும் சிக்குவார்.

யாருக்காவது ஷாக் அடித்தால்

ஓடிப் போய் அவரைப் பிடித்து இழுக்காதீர்கள். அடுத்த ஆள் நீங்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்குங்கள். அறுந்து கிடக்கும் தெரு லைன் என்றால் அதுவும் கூடாது. தள்ளி நின்று மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். 108-ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவில் இரு கையாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒண்ணும் இல்ல" என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இந்த லீவில் செய்யக்கூடியவை

ஊருக்குப் போனால் மெயின் போர்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே பாருங்கள். 'டெஸ்ட்' அல்லது 'டி' என்ற பட்டன் உள்ள கருவி இருக்கிறதா? இருந்தால் அழுத்துங்கள். விழ வேண்டும், மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை வரவழைத்து மூன்று வேலை சொல்லுங்கள்: ஆர்.சி.சி.பி. மாட்டுவது, எர்த் தடையை மீட்டர் வைத்து அளப்பது, எந்த பிளக் பாயின்ட்டிலாவது நியூட்ரலையும் எர்த்தையும் இணைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது.

அதுவரை சுருக்கென்று இழுக்கும் ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். இரண்டு நாள் பால் கெட்டால் பரவாயில்லை. அம்மா செருப்பு போட்டுக்கொண்டுதான் ஃப்ரிட்ஜைத் திறக்கிறார் என்றால், அந்த வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. அதை முதலில் சரிசெய்யுங்கள்.